ஊரின் தயவு வேண்டாத படை: சியரா லியோனில் பொதுமக்கள் ஏன் குறிவைக்கப்பட்டார்கள்?

“அரைக்கையா, முழுக்கையா?” தையல்கடையில் அளவெடுக்கிறவர் கேட்கிற கேள்வி. 1990களில் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் இதே கேள்வியைக் கையில் வெட்டுக்கத்தியோடு நின்றவர்கள் கேட்டார்கள். அரைக்கை என்றால் முழங்கைக்கு மேலே வெட்டுவார்கள். முழுக்கை என்றால் மணிக்கட்டோடு. உயிர் பிழைத்து வந்தவர்களில் பலர், வெவ்வேறு ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், இதே கேள்வியைச் சாட்சியத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தச் செய்திகள் வெளியுலகுக்கு வந்தபோது அதற்குச் சுலபமான விளக்கங்கள் கிடைத்தன. காட்டுமிராண்டித்தனம் என்றார்கள், இனப்பகை என்றார்கள். இனப்பகை என்பது உண்மையல்ல. கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சங்கோ டெம்னே இனத்தவர். அவர் போரைத் தொடங்கியது மெண்டே மக்கள் வாழும் கிழக்கில். அவர் படையில் எல்லா இனத்தாரும் இருந்தார்கள், அந்தப் படையிடம் சிக்கிச் செத்தவர்களிலும் எல்லா இனத்தாரும் இருந்தார்கள். மதச் சண்டையும் இல்லை. முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே குடும்பத்தில் இருப்பது அங்கே சாதாரணம். 1996இல் ஜனாதிபதியான அகமது டெஜான் கப்பா முஸ்லிம், அவர் மனைவி கத்தோலிக்கர்.

காட்டுமிராண்டித்தனம் என்ற சொல்லோ எதையும் விளக்குவதில்லை. யோசிக்கிற வேலையை அது நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். வெறிபிடித்தவன் “அரைக்கையா, முழுக்கையா” என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். அதற்கு ஒரு நிதானம் வேண்டும். அந்த நிதானத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு என்ன என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. கணக்கு இருந்தது என்று சொல்வதால் கொடுமை குறைந்துவிடாது. எனக்கு அது கூடித்தான் தெரிகிறது.

ஓர் ஆயுதக் குழு ஊர்மக்களை எப்படி நடத்தும் என்பதை அதன் கொள்கை அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்தக் குழுவுக்குச் சோறு யார் போடுகிறார்கள், துப்பாக்கி யார் தருகிறார்கள், ஆள் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் ஊரையே நம்பியிருக்கிற படை, ஊரைப் பகைத்துக்கொள்ள யோசிக்கும். சங்கோவின் புரட்சிகர ஐக்கிய முன்னணிக்கு, ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ஆர்.யூ.எஃப். என்று அறியப்பட்ட அந்த இயக்கத்துக்கு, மூன்றுமே வேறு வழிகளில் கிடைத்தன.

கொஞ்சம் முன்னால் போக வேண்டும். 1961இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு சியரா லியோன். 1968 முதல் 1985 வரை சியாகா ஸ்டீவன்ஸ் ஆண்டார். 1978இல் ஒரே கட்சி ஆட்சியாக்கினார். கோனோ மாவட்டத்தின் வைரம் அவர் காலத்தில் நாட்டின் வருமானமாக இருப்பதை நிறுத்திவிட்டு, அவரைச் சுற்றியிருந்தவர்களின் வருமானமாக மாறியது. 1970இல் அரசுக் கணக்கில் 20 லட்சம் காரட்டுக்கு மேல் ஏற்றுமதியான வைரம், 1988இல் 48,000 காரட் ஆனது. மண்ணில் வைரம் தீரவில்லை. கணக்கில் வராமல் போயிற்று. ரயில் பாதையை மூடினார்கள். ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. கிராமங்களில் குலத்தலைவர்கள் தங்கள் நீதிமன்றங்களில் இளைஞர்கள் மீது கட்ட முடியாத அபராதங்களை விதித்தார்கள். நிலமில்லாதவன், பெண்வீட்டாருக்குக் கொடுக்கப் பணமில்லாதவன், அபராதத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவன் என்று ஒரு தலைமுறையே வைரக் குழிகளிலும் எல்லைப்புறங்களிலும் அலைந்தது. போர் முடிந்தபின் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், போரின் வேர் வைரத்தில் இல்லை, இந்தக் கேடுகெட்ட ஆட்சியிலும் ஊழலிலும் இருக்கிறது என்றே 2004இல் எழுதியது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. வைரம் போரைப் பிறப்பிக்கவில்லை, வளர்த்தது.

சங்கோ ராணுவத்தில் கார்ப்பரலாக இருந்தவர். 1971இல் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை ஒட்டிச் சிறை சென்றார். வெளியே வந்து புகைப்படக்காரராகப் பிழைத்தார். 1980களின் பிற்பகுதியில் லிபியாவில் ஆயுதப் பயிற்சி எடுத்தார். அங்கே பழக்கமான சார்லஸ் டெய்லர் பக்கத்து நாடான லைபீரியாவில் உள்நாட்டுப் போரைத் தொடங்கியிருந்தார். 1991 மார்ச் 23 அன்று கைலாஹூன் மாவட்டத்தின் போமாரு என்ற எல்லை ஊருக்குள் நுழைந்த படையில் டெய்லரின் லைபீரிய ஆட்களும் கணிசமாக இருந்தார்கள். தொடக்கத்திலேயே இந்த இயக்கம் உள்ளூரில் முளைத்ததாக இல்லை. துப்பாக்கியும் ஆளும் எல்லை தாண்டி வந்தன. அடிமையும் வேண்டாம், எசமானும் வேண்டாம், அதிகாரமும் செல்வமும் மக்களுக்கே என்பது முழக்கம். முதல் சில மாதங்களிலேயே கடைக்காரர்களையும் ஆசிரியர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் தெருவில் வைத்துக் கொன்றார்கள். இயக்கத்துக்குள் அரசியல் படித்தவர்கள் என்று அறியப்பட்ட அபு கானு, ரஷீத் மன்சரே இருவரையும் 1992இல் இயக்கமே கொன்றது. அதன்பின் சங்கோவை எதிர்த்துக் கேட்க உள்ளே யாரும் மிஞ்சவில்லை.

ஆள் எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் இந்தப் போரின் இருட்டான பகுதி. விருப்பத்தோடு வந்தவர்கள் உண்டு, ஆனால் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். பத்து வயதுப் பையன்கள், பன்னிரண்டு வயதுப் பெண்கள். பிடித்த பையனை வைத்துக்கொள்வது எப்படி? காட்டில் வேலி கிடையாது, இரவில் ஓடிவிடலாம். ஓடினால் எங்கே போவான்? வீட்டுக்கு. ஆகவே வீட்டை இல்லாமல் செய்தார்கள். சொந்த ஊரிலேயே, தெரிந்தவர் ஒருவரை, சில சமயம் உறவுக்காரரையே, அவன் கையால் கொல்ல வைத்தார்கள். அதன்பிறகு அந்த ஊர் அவனை ஏற்காது என்று அவனுக்கே தெரியும். அதுவும் போதாதென்று சவரக்கத்தியால் நெஞ்சில் இயக்கத்தின் மூன்று எழுத்துகளைக் கீறினார்கள். அந்தத் தழும்போடு அரசுப் படையிடம் சிக்கினால் விசாரணையே இருக்காது. போர் முடிந்தபின் அந்த எழுத்துகளை அறுவை சிகிச்சையால் அழித்துக்கொள்ள வரிசையில் நின்ற பிள்ளைகள் இருந்தார்கள்.

‘சின்னப் பையன்கள் பிரிவு’ என்றே ஓர் அணி இருந்தது. போதை மருந்தும் வெடிமருந்துப் பொடியும் கொடுத்து முன்வரிசைக்கு அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளைத் தளபதிகளுக்கும் ஆட்களுக்கும் ‘காட்டு மனைவி’ என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். சமைக்க, சுமக்க, படுக்க, பிள்ளை பெற. வன்புணர்ச்சி பெரும்பாலும் கூட்டாக நடந்தது. இதை ஆராய்ந்த டாரா கே கோயன் என்ற அரசியல் ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார்: ஆட்களைக் கடத்திச் சேர்க்கிற படைகளில்தான் கூட்டு வன்புணர்ச்சி அதிகம். ஒருவரை ஒருவர் நம்பாத, பயத்தால் மட்டும் ஒன்றாக நிற்கிற ஆட்களைக் கட்டிப்போட அந்தக் கூட்டுக் குற்றம் பயன்பட்டது என்பது அவர் முடிவு. ஒரு பெண்ணின் உடலைக் கொண்டு ஒரு படை தன்னைத் தைத்துக்கொண்டது என்றுதான் இதை எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. படிக்கும்போதே கை நடுங்குகிற இடம் இது.

கைக்கு வருவோம். 1995 முடியும் தறுவாயில் ஆர்.யூ.எஃப். நெருக்கடியில் இருந்தது. அரசு அமர்த்திய தென்னாப்பிரிக்கக் கூலிப்படை ஒருபக்கம், மெண்டே வேட்டைக்காரர்களின் ஊர்க்காவல் படையான கமாஜோர் இன்னொரு பக்கம். அறுவடைக் காலத்தில் பிடித்துவைத்த ஆட்கள் ஊர்களுக்கு ஓடிவிடுவார்கள் என்ற பயம். அறுவடையே நடக்காவிட்டால்? நெல் அறுக்கிற கைகளை வெட்டினார்கள். அடுத்து 1996 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. எதிர்காலம் உங்கள் கைகளில் என்பது தேர்தல் பிரச்சார வாசகம். தேர்தலைத் தடுக்கவே ஒரு நடவடிக்கைக்குப் பெயர் வைத்து இறங்கிய ஆர்.யூ.எஃப். அந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. வாக்களிக்கிற கையை வெட்டினார்கள். பின்னாளில், கப்பா ஜனாதிபதியான பிறகு, வெட்டிவிட்டு “கப்பாவிடம் போ, புதுக் கை தருவார்” என்று சொல்லித் தலைநகருக்கு அனுப்பினார்கள்.

அந்த அனுப்புதலில் இருக்கிறது விஷயம். செத்தவன் அந்த ஊரோடு புதைக்கப்படுவான். கையில்லாமல் வந்தவன் பேருந்து நிலையத்தில், சந்தையில், மருத்துவமனை வாசலில் எல்லோர் கண்ணிலும் படுவான். தாளும் வானொலியும் எட்டாத இடத்துக்கெல்லாம் எட்டுகிற கடிதமாக மனிதர்களை எழுதி அனுப்பினார்கள். வாக்களிக்கிற கைகளை வெட்டியதையும் மீறி 1996 தேர்தலில் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரு நிமிடம் நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஆர்.யூ.எஃப். மட்டும்தான் குற்றவாளியா என்றால் இல்லை. ஆணையத்தின் கணக்குப்படி மீறல்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு அவர்களுடையது. மிச்சம் மற்றவர்களுடையது. பகலில் ராணுவ உடையும் இரவில் கொள்ளையுமாக இருந்த சிப்பாய்களை மக்கள் ‘சோபெல்’ என்றார்கள். சோல்ஜர், ரெபெல் இரண்டையும் ஒட்டிய சொல். 1997 மே 25 அன்று அந்த ராணுவத்தின் ஒரு பகுதியே ஆட்சியைப் பிடித்து, கிளர்ச்சிக்காரர்களைத் தலைநகருக்கு அழைத்து அவர்களோடு சேர்ந்து ஆட்சி நடத்தியது. மக்கள் வைத்த பெயர் எவ்வளவு சரியாக இருந்திருக்கிறது!

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப் படையான, நைஜீரியத் தலைமையிலான எகோமாக் 1998 பிப்ரவரியில் அந்தக் கூட்டைத் தலைநகரிலிருந்து விரட்டியது. விரட்டப்பட்டவர்கள் போகிற வழியெல்லாம் பழி தீர்த்தார்கள். அந்தக் காலத்து நடவடிக்கை ஒன்றின் பெயர், ‘உயிருள்ள எதுவும் மிஞ்சக் கூடாது’ என்பது. பிறகு 1999 ஜனவரி 6. அதிகாலையில் ஃப்ரீடவுனின் கிழக்குப் பகுதிகள் வழியாக, பொதுமக்களைக் கேடயமாக முன்னால் நடக்கவிட்டு நகருக்குள் நுழைந்தார்கள். பதெம்பா ரோடு சிறையைத் திறந்துவிட்டார்கள். கிஸ்ஸி, வெலிங்டன், கலாபா டவுன் பகுதிகளில் வீடு வீடாகப் போனார்கள். மூன்று வாரத்துக்குள் பல்லாயிரம் உயிர்கள் போயின. வெளியேற வேண்டி வந்தபோது வீடுகளுக்குள் ஆட்களை வைத்தே கொளுத்தினார்கள், கைகளை வெட்டினார்கள். அன்று உள்ளே வந்தவர்களில் முன்னின்றவர்கள் ஆர்.யூ.எஃப். அல்ல, கலகம் செய்த பழைய ராணுவத்தினர். இந்த வேறுபாட்டை, போர்க்குற்றங்களை விசாரிக்கப் பின்னாளில் அமைந்த சிறப்பு நீதிமன்றமும் பதிவு செய்தது. நகரை மீட்ட எகோமாக் சிப்பாய்களும் சந்தேகப்பட்டவர்களைப் பாலத்தில் நிற்கவைத்து விசாரணையில்லாமல் சுட்டார்கள்.

இங்கே கமாஜோர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு அவர்கள்தான் உரைகல். அந்தந்த ஊர்த் தலைவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆட்கள் அவர்கள். சொந்த ஊரில் நின்று காவல் காத்தவரை, கொள்ளையடித்தால் அம்மா காதுக்குப் போய்விடும். மக்கள் அவர்களை நம்பினார்கள். போர் நீண்டது, ஆட்சேர்ப்பு பெருகியது, ஊரைவிட்டுத் தொலைவில் சண்டை பிடிக்கப் போனார்கள். டோங்கோவிலும் கோரிபோண்டோவிலும் அவர்களும் கிளர்ச்சிக்காரர் என்று சந்தேகப்பட்ட சாதாரண மக்களைக் கொன்றார்கள், அதற்காகத் தண்டிக்கவும் பட்டார்கள். அதே இனம், அதே நாடு. மாறியது, அவர்களைக் கேள்வி கேட்கக்கூடிய ஊர் பக்கத்தில் இருந்ததா என்பது மட்டும்தான். போருக்குப் பின் மக்கார்டன் ஹம்ப்ரீஸ், ஜெரமி வைன்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படையாட்களிடம் பேசி எட்டிய முடிவும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: பொருள் ஆசை காட்டி ஆள் சேர்த்த, உள்ளே கட்டுப்பாடில்லாத அணிகள்தாம் மக்களை மிக மோசமாக நடத்தியிருக்கின்றன. (படையாட்கள் என்று எழுதுகிறேன். ‘போராளி’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு மரியாதை உண்டு. அதை இங்கே பயன்படுத்த மனம் வரவில்லை.)

இனி வைரம். கோனோவிலும் டோங்கோவிலும் கிடைப்பது ஆற்றுப்படுகை வைரம். தென்னாப்பிரிக்காவைப் போல ஆழச் சுரங்கமும் பெரிய எந்திரமும் வேண்டியதில்லை. மண்வெட்டி, சல்லடை, இடுப்பளவுத் தண்ணீர், குனிந்து நிற்க ஒரு முதுகு, அவ்வளவுதான். சரளை மண்ணை அள்ளிச் சல்லடையில் போட்டு, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசினால் கனமான கற்கள் நடுவில் தங்கும். அதில் கண்ணை ஓட்டுவார்கள். இந்தத் தொழிலில் முதலீடு மனித உடல்தான். அதைத் துப்பாக்கி முனையில் இலவசமாகப் பெற முடிந்தவர்களுக்கு லாபத்துக்கு எல்லையில்லை. பிடித்த மக்களை அம்மணமாகக்கூட நிற்கவைத்துக் குழிகளில் வேலை வாங்கினார்கள், ஒளித்து எடுத்துப் போகாமல் இருக்க. டோங்கோவில் ‘சைபோர்க்’ என்று பெயரிடப்பட்ட குழியில், தோண்டிக்கொண்டிருந்தவர்களையே சுட்டுக்கொன்றது தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. ஆர்.யூ.எஃப்.புக்கு வைரத்தால் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி முதல் பன்னிரண்டரைக் கோடி டாலர் வரை கிடைத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2000 டிசம்பரில் மதிப்பிட்டது. அந்தக் கற்கள் லைபீரியா வழியாகப் போய், லைபீரிய வைரம் என்ற பெயரில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் வைரச் சந்தைக்கு வந்தன. லைபீரியாவின் மண்ணில் அவ்வளவு வைரமே கிடையாது. வாங்கியவர்களுக்கு இது தெரியாதா?

உலகத்தின் வைரக் கற்களில் பெரும்பங்கு பட்டை தீட்டப்படுவது நம் சூரத்தில். ஆகவே இந்தக் கேள்வி ஐரோப்பாவோடு நின்றுவிடுகிற ஒன்றல்ல. சான்றிதழ் இல்லாத சியரா லியோன் வைரத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 2000 ஜூலையில் தடை செய்தது. போர்க்குழுக்களின் வைரம் சந்தைக்கு வராமல் தடுப்பதற்கான கிம்பர்லி சான்றிதழ் முறை 2003இல் நடைமுறைக்கு வந்தது. போரின் மிக மோசமான நாட்கள் அதற்குள் முடிந்திருந்தன.

சோறு கொள்ளையில், துப்பாக்கி டெய்லரிடமிருந்து வைரத்துக்கு மாற்றாக, ஆள் கடத்தலில். ஊரின் தயவு எதற்கும் வேண்டியிருக்கவில்லை. வைரம் மட்டுமே காரணம் என்று சொல்லவும் எனக்குத் தயக்கம் உண்டு. வைரக் குழிகள் கையில் இல்லாமல் காட்டு முகாம்களில் ஒடுங்கிக் கிடந்த காலத்தில்தான் கைவெட்டு தொடங்கியது. ஆகவே கடத்திச் சேர்த்த படை என்பதையே நான் முதல் காரணமாக வைப்பேன். தன் ஆட்களையே சிறைப்பிடித்து வைத்திருக்கிற படைக்கு, வெளியே இருக்கிற மக்களைப் பார்த்தால் பயம்தான் வரும்.

1999 ஜூலை 7 அன்று டோகோ நாட்டின் லோமே நகரில் சமாதான ஒப்பந்தம் ஆனது. தேசத் துரோகத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த சங்கோ, துணை ஜனாதிபதிக்கு நிகரான தகுதியும், நாட்டின் கனிம வளங்களை நிர்வகிக்கும் ஆணையத்தின் தலைமையும் பெற்றார். வைரத்தைக் கொள்ளையடித்தவரிடமே வைரத்தின் சாவி. எல்லாருக்கும் பொதுமன்னிப்பு. ஐ.நா. பிரதிநிதி மட்டும் கையெழுத்திடும்போது, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கு இந்த மன்னிப்பு செல்லாது என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார். பின்னால் நீதிமன்றம் அமைந்தபோது அந்தக் குறிப்புக்குப் பெரிய மதிப்பு வந்தது.

ஒப்பந்தம் பத்து மாதம் தாங்கவில்லை. 2000 மே மாதம் ஆர்.யூ.எஃப். ஐ.நா. அமைதிப்படையினர் சுமார் 500 பேரைச் சிறைப்பிடித்தது. அப்போது அந்த ஐ.நா. படையின் தளபதி இந்தியரான மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜெட்லி. போர் தொடங்கிய அதே கைலாஹூனில் 200க்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையில் கிடந்து, ஜூலை நடுவில் ‘குக்ரி’ நடவடிக்கையில் சண்டையிட்டு வெளியே வந்தார்கள். மே 8 அன்று ஃப்ரீடவுனில் சங்கோவின் வீட்டின் முன் திரண்ட மக்கள்மீது உள்ளிருந்து சுட்டதில் சுமார் 20 பேர் இறந்தார்கள். சில நாட்களில் சங்கோ பிடிபட்டார். பிரிட்டிஷ் படை வந்தது, டெய்லர் மீது தடைகள் இறுகின. 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். இறந்தவர்கள் 50,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நாட்டின் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீடிழந்திருந்தார்கள்.

சிறப்பு நீதிமன்றம் ஃப்ரீடவுனிலேயே அமைந்தது. சங்கோ 2003இல் காவலில் நோயால் இறந்தார். ஆர்.யூ.எஃப்.பின் இடைக்காலத் தலைவர் இஸ்ஸா செசேவுக்கு 2009இல் 52 ஆண்டு. கட்டாயத் திருமணத்தை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகக் கொண்டு சர்வதேச நீதிமன்றம் ஒன்று தண்டித்தது அந்த வழக்கில்தான் முதல்முறை. குழந்தைகளைப் படையில் சேர்த்த குற்றத்துக்கான முதல் தண்டனை 2007இல் இதே நீதிமன்றத்தில், பழைய ராணுவக் குழுவினருக்கு. ‘காட்டு மனைவி’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்ததை அடிமைத்தனம் என்று ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டது. அந்தப் பெண்களில் பலர் அதுவரை ‘ரெபெல் பெண்டாட்டி’ என்ற ஏச்சைத்தான் ஊரில் கேட்டிருந்தார்கள். டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு. பிரிட்டனில் சிறையில் இருக்கிறார்.

மொத்தம் 13 பேர்மீதுதான் குற்றப்பத்திரிகை. ஆயுதத்தை ஒப்படைத்தவர்கள் 70,000க்கு மேல். அவர்களுக்கு உதவித்தொகையும் தச்சு, தையல், இயந்திர வேலைப் பயிற்சியும் கிடைத்தன. அது தேவைதான், இல்லாவிட்டால் மறுபடி காட்டுக்குப் போயிருப்பார்கள். கை இழந்தவர்களுக்கு இழப்பீடு என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2004இல் பரிந்துரைத்தது. திட்டம் நகரத் தொடங்கியது 2008இல். பலர் கைக்கு முதலில் வந்தது ஏறத்தாழ 100 டாலர். பிச்சை எடுக்கும் நிலையில் இருந்த கையிழந்தோர், வெட்டியவனுக்குத் தொழில், வெட்டுப்பட்டவனுக்குத் தெருவா என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். அதற்கு நியாயமான பதிலை நான் எங்கும் படிக்கவில்லை.

ஃப்ரீடவுனின் முர்ரே டவுன் பகுதியில் அவர்களுக்கென ஒரு முகாம் இருந்தது. போர் ஓய்ந்த நாட்களில் அங்கிருந்தவர்கள் ஒரு கால்பந்து அணியைத் தொடங்கினார்கள். லம்லி கடற்கரை மணலில் ஆட்டம். கால் இழந்தவர்கள் ஊன்றுகோல்களில் எகிறி எகிறி ஓடி, இருக்கிற காலால் பந்தை உதைப்பார்கள். ஊன்றுகோல் பந்தில் பட்டால் தவறு. கோல் காப்பவர் கை இழந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. மிச்சமிருக்கிற ஒரு கையை விரித்துக்கொண்டு, பந்து வருகிற பக்கம் பார்த்து, அவர் கம்பங்களுக்கு நடுவில் நிற்பார்.